தறி நிற்கிற நாளுக்கென்று சேர்த்த மாத்திரைகள்

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மாத்திரை எண்ண வரும், மருந்து கலக்க வரும், எழுத்து அவ்வளவாக வராது. எதை எதோடு கலப்பது, எத்தனை கிராம் என்பதையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்தப் பக்கமே நான் போகப் போவதில்லை. என் கையால் ஒரு பெண்மணி சாக இருந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், அவர் சாகவில்லை. அதனால்தான் இத்தனை தைரியமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருந்த சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். எங்களுக்கு ஒரே டாக்டர். நிதானமான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது மூக்கு நுனியில் கோபம். மாதா மாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் பழைய பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். பொட்டலம் காலியாக இருந்தால் புது மாத்திரை. உள்ளே நாலு மிச்சமிருந்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அர்ச்சனை. "சாப்பிடாம வெச்சிக்க இது என்ன கற்கண்டா?" என்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த மாதம் அவர் பொட்டலமும் காலியாக வரும். என் சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் கணக்கில் முதல் மார்க் வாங்கியவர் சரோஜாம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பட்டு நெய்கிறவர். குழித்தறியில் காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்கிறவர்களுக்குச் சாயங்காலம் கணுக்கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும், படுத்து எழுந்தால் வடிந்துவிடும். எங்கள் தெருவில் அதை யாரும் வியாதியென்று நினைப்பதில்லை. சரோஜாம்மாவுக்கு அப்படியில்லை. விடிந்து எழும்போதும் வீக்கம் இருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் தேங்குகிறது என்று சொல்லி, நீர் இறங்க மாத்திரை கொடுத்தார்.

அந்தக் காலத்து நீர் மாத்திரையில் ஒரு தொல்லை உண்டு. தேங்கிய நீரோடு சேர்த்து உடம்புக்குத் தேவையான பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிடும். மாகறல் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த மாத்திரை சாப்பிட்டு, கால் சோர்ந்து, சதையெல்லாம் இழுத்துப் பிடித்து, மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டார். டாக்டர் பொட்டாசியம் மருந்து எழுதினார், நான் கலக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் தானே நடந்து வந்து எனக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து நீர் மாத்திரை வாங்குகிற எல்லாருடைய சீட்டிலும் 'தினம் ஒரு இளநீர்' என்று எழுதுவது எங்கள் வழக்கமாயிற்று. இளநீரில் பொட்டாசியம் நிறைய. நீர் மாத்திரைக்காரருக்கு உடம்பு சோர்ந்தால் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அதைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது என் மனதில் கல்லில் வெட்டியது போலப் பதிந்துவிட்டது.

பிறகு புது மாத்திரை வந்தது. இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் சேர்ந்தது. ஒன்று நீரை வெளியே தள்ளும், இன்னொன்று பொட்டாசியத்தைப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல மருந்துதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிடித்துவைக்கிற மருந்து உள்ளே இருக்கும்போது மேலும் மேலும் பொட்டாசியத்தை ஊற்றினால் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால் கால் துவளும், நாடி குறையும், இருதயம் நின்றே போகலாம். சரோஜாம்மாவுக்கு மாத்திரையை மாற்றிய அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இளநீர், பொட்டாசியம் மருந்து ரெண்டுமே இனிமே இவங்களுக்குக் கூடாது. சீட்டை மாத்தி எழுதிக் குடுத்துடுங்க" என்றார். சரி சார் என்றேன்.

அன்று அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மாதத்தில் நிச்சயமாக ஓய்வு கிடைக்கிற நாள் அது. அதனால் பல் வலி, முதுகு வலி, குழந்தையின் சளி எல்லாம் அமாவாசைக்காகக் காத்திருந்து மொத்தமாக எங்களிடம் வரும். ஜன்னலுக்கு வெளியே கைகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. சரோஜாம்மாவின் சீட்டைப் பார்த்தேன். 'நீர் மாத்திரை, காலையில் ஒன்று. தினம் ஒரு இளநீர்.' புதியதும் நீர் மாத்திரைதான், அதுவும் காலையில் ஒன்றுதான். எதற்கு இன்னொரு சீட்டு என்று அதையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எளநீர் இனி வேணாம்மா" என்று வாயால் சொன்னதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

மூன்று மாதம் சரோஜாம்மா ஒவ்வோர் அமாவாசைக்கும் காலிப் பொட்டலத்தோடு வந்தார். அந்தப் பொட்டலத்தை நான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்குங்க, இவங்களும் தறியில ஒக்காரறவங்கதான். ஒரு நாள் தவறுதா?" அவர் சிரிக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டருக்கு மட்டும் ஏதோ பிடிபடவில்லை. "மருந்து ஒழுங்கா சாப்பிடறாங்கன்னா கால் இன்னும் வடிஞ்சிருக்கணுமே" என்று இரண்டு தடவை சொன்னார். பொட்டலம் காலியாக வருகிறதே சார் என்று நானே அவர் வாயை அடைத்தேன்.

நாலாவது மாதம் நல்ல வெயில். எங்கள் டாக்டர் உறவில் ஒரு கல்யாணம் என்று மெட்ராஸ் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆன இளம் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலை பதினோரு மணி இருக்கும். சைக்கிள் ரிக்‌ஷாவில் சரோஜாம்மாவைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தது வள்ளி. சரோஜாம்மாவின் கொழுந்தன் மனைவி, ஓரகத்தி. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவந்து பெஞ்சில் படுக்கவைத்தார்கள். கால் இரண்டும் துணி போலத் தொங்கின.

"காத்தாலேர்ந்து எழுந்திருக்க முடியல சார். காலு என்னுதுன்னே தெரியல" என்றார் சரோஜாம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

இளம் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "நீர் மாத்திரை சாப்பிடறாங்களா? அப்போ பொட்டாசியம் எறங்கியிருக்கு. கம்பவுண்டர், பொட்டாசியம் மிக்ஸ்சர் ஒரு டோஸ் சீக்கிரம் கொண்டு வாங்க" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. சீட்டு சொன்னதை அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால், அவர் சொல்வதற்கு முன்பே நான் அந்த பாட்டிலை எடுத்துவிட்டேன். என் கண்ணுக்கு அங்கே சரோஜாம்மா தெரியவில்லை, மாகறல்காரர்தான் தெரிந்தார். அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, அவர் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, உதட்டருகே கொண்டுபோனேன். அவரும் வாயைத் திறந்துவிட்டார்.

அப்போது வள்ளி அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க எழுதினாமாரியே தான் சார் எளநி குடுத்துக்கினு இருக்கோம். அக்கா சோந்து சோந்து படுக்கறாங்களேன்னு அஞ்சு நாளா வேளைக்கு ஒண்ணா நாலு எளநி குடுத்தேன். அப்படியும் இப்டி ஆயிடுச்சே!"

என் கை நின்றது. ஒரு நாளைக்கு நாலு இளநீர் குடிக்கிறவருக்குப் பொட்டாசியம் எப்படிக் குறையும்? அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே அந்த அமாவாசைக் கூட்டமும், நான் மாற்றி எழுதாத சீட்டும், டாக்டர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன. என் கையில் இருந்த கிளாஸில் அவருடைய சாவு இருந்தது.

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளாஸைப் பின்னால் இழுத்துக்கொண்டேனே தவிர, வாயைத் திறந்து காரணம் சொல்ல எனக்கு உடனே வரவில்லை. சொன்னால் இத்தனை பேர் நடுவில் என் தப்பு வெளியே வரும். பேசாமல் கிளாஸைக் கீழே கொட்டிவிட்டு, வேறு ஏதோ சொல்லிச் சமாளிக்கலாமா என்று மனசு போனது. இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் அந்த இரண்டு மூச்சுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சார், இது பழைய நீர் மாத்திரை இல்ல. ரெண்டு மருந்து சேந்த புது மாத்திரை. பொட்டாசியத்தைப் பிடிச்சு வைக்கறது. சீட்டை நான் மாத்தி எழுதல. இளநீரை நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. தப்பு என்னுது" என்றேன்.

இளம் டாக்டர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். உடனே குனிந்து நாடியைப் பிடித்தார். "நாடி நாப்பதுதான் இருக்கு" என்று முணுமுணுத்தார். "ஆனா தினம் ஒரு மாத்திரை, கொஞ்சம் இளநீர், இதுக்கு இவ்வளவு ஆகுமா? எத்தனை மாத்திரை சாப்பிட்டாங்க?"

"ஒண்ணுதான் சார். இவங்க ரொம்ப ஒழுங்கானவங்க. பொட்டலம் தவறாம காலியா வரும்" என்றேன் நான்.

டாக்டர் அவரிடமே கேட்டார். "அம்மா, நெஜத்தைச் சொல்லுங்க. எத்தனை போட்டீங்க?"

சரோஜாம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் பயந்து பார்த்த அந்தப் பார்வையை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். நாக்கு ஒத்துழைக்காமல் மெல்லச் சொன்னார்: "கம்பவுண்டர் சார் வெளிய போவட்டும். அப்பறம் சொல்றேன்."

செத்துக்கொண்டிருந்த நேரத்திலும் அந்த அம்மாளுக்கு என் திட்டுதான் பயமாக இருந்திருக்கிறது. நான் வெளியே போனேன். வாசற்படிக்கு வெளியே நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு நீளமான நிமிஷம் எனக்கு வாய்க்கவில்லை.

டாக்டர் கூப்பிட்டார். "அஞ்சு நாள்ல இருபது மாத்திரைக்கு மேல. நெய்யற நாள்ல போடறதே இல்லையாம். தறியில ஏத்தின பாவு நூல் முடிஞ்சு, புதுப் பாவு பிணைக்கிற வரைக்கும் தறி நிக்குமாமே? அந்த நாள்லயும் அமாவாசையிலயும் விட்டதையெல்லாம் சேத்துப் போட்டிருக்காங்க" என்றார். குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட காலிப் பொட்டலம் காட்டணுமாம்" என்று முடித்தார்.

அவருக்கு யோசிக்க நேரம் இல்லை. ஈசிஜி எங்களிடம் கிடையாது, ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் ஆள் போய்விடுவார். துவண்ட காலும், குறைந்த நாடியும், மாத்திரைக் கணக்கும், இளநீரும் சேர்ந்து ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன என்று தீர்மானித்தார். இருதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசியை மிக மெதுவாக நரம்பில் ஏற்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து என்று நான் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதது போல இருந்தார். அதற்குள் டாக்ஸி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தில் மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்தின் பெயரையும், எத்தனை சாப்பிட்டார் என்பதையும், இளநீர் கணக்கையும் என்னையே எழுதச் சொன்னார். ஊசி போட்ட கையை விடாமல் அவரே டாக்ஸியில் ஏறிக் கூடப் போனார். புறப்படும்போது என்னிடம், "நீங்க சொன்னீங்களே, அது பெரிய விஷயம்" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸும் இன்சுலினும் ஏறின. அடுத்த நாள் சரோஜாம்மாவின் கால் அசைந்தது. நாலாம் நாள் நடந்தார் என்று வள்ளி ஓடிவந்து சொன்னபோது, நான் உள்ளே போய் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

எங்கள் டாக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி என்று நின்றேன். அவர் கத்தினாரா என்றால், இல்லை. "அவங்க ஏன் நெய்யற நாள்ல போடலைன்னு கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. "அப்போ அவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க. இங்க உக்காந்து கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

போனேன். சரோஜாம்மா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், வேண்டாம் என்று கும்பிட்டேன். கூடத்தில் தறி. பட்டணத்துப் பிள்ளைகளாக இருந்தால் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கோர்வைப் புடவை என்பது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஓர் ஆளால் நெய்ய முடியாது. ஒருவர் நடுவில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓடும் நாடாவை வீச, பக்கத்தில் இன்னொருவர் வலது கரைக்கென்று தனி நாடா வீச வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். நடுவில் சரோஜாம்மா, கரைப் பக்கம் வள்ளி. மடிக்கு முன்னால் குறுக்கே மரம். கால் குழிக்குள். வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு கையையும் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கிக் குழியிலிருந்து ஏற வேண்டும். பிறகு புடவை பார்க்க வருகிற ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அதே கூடத்தைக் கடந்து, மூன்று குடித்தனத்துக்குப் பொதுவான கொல்லைப்புறக் கக்கூஸுக்குப் போக வேண்டும். நீர் மாத்திரை போட்ட காலையில் இதை ஆறு தடவை செய்ய வேண்டும். நானாக இருந்தாலும் அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டேன்.

"நான் எழுந்து எழுந்து போனா இவ இன்னா பண்ணுவா சார்? கையக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கணும்" என்றார் சரோஜாம்மா. "இவ வேல கெட்டா, கொழந்திங்களுக்கு சோறாக்கறது கெடும். இன்னிக்கு ரெண்டு வெரல் நெசவு கொறஞ்சா நாளைக்கு சேத்து நெய்ஞ்சிக்கறோம்ல, அத்தமாரி மாத்திரையும் சேத்துப் போட்டுக்கலாம்னு நெனச்சிட்டேன்."

தறியில் அது சரி, உடம்பில் தப்பு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து வள்ளி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "எனக்கோசரமா அடக்கிக்கினு ஒக்காந்தே? ஏன்க்கா, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, பிறகு ஆனது ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். "நானும் தான் அடக்கிக்கினு ஒக்காந்துக்கினு இருந்தேன்! நீ எழுந்திருக்காம நான் எப்டி எழுந்திருக்கறதுன்னு. ரெண்டு வருஷமா எனக்கு அடிவயித்துல வலி, தெரியுமா உனக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது சரோஜாம்மாதான். அப்புறம் வள்ளிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, கண்ணில் நீர் வழிந்தது. ஒருத்திக்காக இன்னொருத்தி என்று இரண்டு பேரும் இத்தனை நாள் பக்கத்தில் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. வள்ளிதான். "காத்தால அஞ்சு மணிக்கு மாத்திரய போட்டுக்கோக்கா. சமையலு, ஊடை நூலு சுத்தறது எல்லாம் மொதல்ல முடிச்சிடலாம். பத்து பத்தரைக்குக் குழியில எறங்கலாம். நடுவுல வந்தா ரெண்டு பேரும் எழுந்துக்கலாம். ராத்திரி வெளக்கு வெச்சப்பறம் ஒரு மணி நேரம் சேத்து ஒக்காந்தா போச்சு" என்றாள். டாக்டரிடம் வந்து சொன்னேன். பலமாகத் தலையாட்டினார். ரத்தத்தைப் பரிசோதித்து, பொட்டாசியமும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். அதன் பிறகும் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தார். வள்ளியின் அடிவயிற்று வலிக்கும் வைத்தியம் நடந்தது, அது தனிக் கதை.

பழைய சீட்டை அவர்கள் கண் முன்னாலேயே கிழித்தேன். புதியதில் மாத்திரையின் பெயரை முழுசாக எழுதினேன். தினமும் இளநீர் கூடாது, பொட்டாசியம் மருந்து யார் கொடுத்தாலும் இந்தச் சீட்டைக் காட்டாமல் குடிக்கக் கூடாது, ஒரு நாள் விட்டால் விட்டதுதான், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று எழுதி, வாயாலும் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லவைத்தேன். அதன் பின் மருந்து மாறினால் சீட்டும் மாறும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் விதியாயிற்று, அமாவாசைக் கூட்டமானாலும் சரி. பொட்டலச் சட்டத்தை எடுத்துவிட்டேன். "சாப்பிடறீங்களா?" என்று கேட்பதையும் நிறுத்தினேன். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். "எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க, அப்புறம் எங்கே போய் உக்காருவீங்க, என்ன சங்கடம்?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஆளுக்கு அரை நிமிஷம் கூடுதலாக ஆனது. வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாக்கை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷத்துப் பழக்கம் ஒரு மாதத்தில் போய்விடுமா? அப்பா திட்டியே என்னை வளர்த்தவர், எனக்கு அக்கறை என்றாலே அந்தச் சத்தம்தான். பல நாள் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, இருமலாக மாறிப் போயிருக்கிறது. ஜனங்கள் உடனே நம்பவும் இல்லை. கம்பவுண்டருக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று பேசிக்கொண்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை. ஊர் முழுக்கத் தறி ஓடுகிற நேரம், ஜன்னலில் கூட்டமே இல்லை. சரோஜாம்மா வந்தார், பக்கத்தில் வள்ளி. கணுக்கால் எலும்பு தெரிகிற மாதிரி கால் நன்றாக வடிந்திருந்தது, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை நாளில் தறியை விட்டுவிட்டு இருவரும் வந்திருக்கிறார்களே என்று எட்டிப் பார்த்தேன். சரோஜாம்மா பொட்டலத்தைப் பிரித்து ஜன்னல் பலகையில் வைத்தார். உள்ளே ஒன்பது மாத்திரைகள் இருந்தன.

"மூணு நாளா வயித்தால போச்சு சார். போட வேணாம்னு நிறுத்திட்டேன். அதுக்கு முன்ன ஊர்ல தங்கச்சி வீட்டு விசேசம், ஆறு நாள் போடவே இல்ல, பொய் சொல்ல மாட்டேன். விட்டத சேத்தும் போடல. இப்ப வயிறு நின்னு போச்சு. மறுபடி போடலாமா, டாக்டரு பாத்து தான் சொல்லணுமா?"

பொட்டலத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்மா. உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன்.

வள்ளி என்னைக் குறும்பாகப் பார்த்தாள். "ஒம்போது மாத்திர மிச்சம் வெச்சிருக்காங்க, திட்டலியா சார்?" என்றாள்.

"இன்னாத்துக்குத் திட்டப் போறாரு?" என்றார் சரோஜாம்மா. "திட்டறவரா இருந்தா நான் வந்திருப்பேனா?"